மூன்று சென்ட் நிலமும் ஓர் அரசாணையும்

முட்டம் என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். பாரதிராஜா ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்த கடற்கரை அது. அதை ஒட்டி மேற்கே கிடக்கும் கடியப்பட்டணத்தை வெளியூர்க்காரர்கள் அவ்வளவாக அறிய மாட்டார்கள். கல்குளம் வட்டத்து மீனவக் கிராமம். புனித பேதுரு, பவுல் கோயிலைச் சுற்றி நெருங்கிய வீடுகள். மேற்கே வள்ளியாறு கடலில் கலக்கும் முகம். அதைத் தாண்டினால் மணவாளக்குறிச்சி. அங்கே நூறு வருஷத்துக்கும் மேலாகக் கருமணலை அள்ளித் தாது பிரிக்கிறார்கள். முன்னால் அரபிக்கடல், பின்னால் தென்னந்தோப்பு. இடையில் கிடைத்த ஒடுங்கிய நிலத்தில்தான் ஊர் முழுக்க நிற்கிறது.

குமரிக் கடலோரத்தில் வீடு என்பதைப் பற்றிப் பேச வந்தால் முதலில் பேச வேண்டியது இந்த ஒடுக்கத்தைத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் அதைப் போல இரண்டு மடங்கு. அதிலும் ஆரோக்கியபுரத்தில் தொடங்கி நீரோடி வரை வரிசையாக நிற்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட கடற்கரைக் கிராமங்களில், ஒரு ஊரின் கடைசி வீடும் அடுத்த ஊரின் முதல் வீடும் பல இடங்களில் ஒட்டிக்கொண்டே இருக்கும். இங்கே நிலத்தை யாரும் ஏக்கரில் பேசுவதில்லை, சென்ட்தான். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதல். மகளுக்குக் கல்யாணம் பேசும்போதும் சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போதும் ஒண்ணரை சென்ட், முக்கால் சென்ட் என்று கணக்கு ஓடும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரே காலையில் வீடுகள் போய்விட்டால், புதிதாக வீடு கட்டித் தரும் பொறுப்பு யாருடையது? 2005ஆம் ஆண்டு முழுக்கத் தமிழ்நாட்டுக் கடலோரம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் கடற்கரை ஊர்களில் பெரும்பாலானோர் கரையில்தான் இருந்தார்கள். இந்திய நேரப்படி காலை 6.29 மணி வாக்கில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவுக்கு நிலம் நடுங்கியது. சில மணி நேரத்தில் அலை வந்தது. கிழக்கே இருந்து வரும் அலைக்கு மேற்குக் கரை தப்பியிருக்க வேண்டும் என்றுதான் வரைபடத்தைப் பார்க்கிறவருக்குத் தோன்றும். ஆனால் அலை இலங்கையையும் குமரி முனையையும் சுற்றி வளைந்து வந்து குளச்சலையும் அடித்தது. மாவட்டத்தில் சுமார் 800 பேர் இறந்தார்கள். பழையாறு கடலில் சேரும் இடத்தில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தை அலை பெயர்த்துக்கொண்டு போனது. குளச்சலுக்குப் பக்கத்தில் கொட்டில்பாட்டில், கடலுக்கு இணையாக ஓடும் ஏ.வி.எம். கால்வாய் ஓடித் தப்ப முயன்றவர்களுக்கு எமனாயிற்று. அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா பெயரால் திருவிதாங்கூர் காலத்தில் வெட்டிய நீர்வழி அது. கடலிலிருந்து தப்பி ஓடியவர்கள் கால்வாய்க்குள் விழுந்தார்கள்.

இறந்தவர்களை அடக்கம் செய்து, உயிரோடிருந்தவர்களைப் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் தங்க வைத்தபின், வீட்டுக் கேள்வி எழுந்தது. தமிழ்நாட்டில் அப்போது வீடு கட்டும் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 1961 முதல் வீட்டுவசதி வாரியம் இருந்தது. அது மாதச் சம்பளக்காரர்களுக்கு மனையும் வீடும் விற்றது. 1970இல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது குடிசை மாற்று வாரியம் பிறந்தது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற வாசகத்தோடு சென்னைக் குடிசைப் பகுதிகளில் மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. பிறகு மற்ற நகரங்களுக்கும் போனது. கிராமத்துக்கு ஊரக வளர்ச்சித் துறையின் இந்திரா குடியிருப்புத் திட்டம் இருந்தது. மீன்வளத் துறையிடமும் மீனவர் வீட்டுத் திட்டம் ஒன்று இருந்தது.

கடற்கரைக் கிராமம் இவற்றில் எதற்குள்ளும் சரியாக அடங்கவில்லை. ஆள் நெருக்கத்தில் அது நகரம். காகிதத்தில் அது கிராமம். நகரத்துக்கான வாரியத்துக்குக் கிராம ஊராட்சியில் வேலையில்லை. கிராமத்துக்கான திட்டமோ ஆங்காங்கே ஒன்றிரண்டு வீடு கட்டுவதற்கு வகுத்தது, ஓர் ஊரையே தூக்கி வைப்பதற்கு அல்ல.

அதனால் வீட்டு வாரியமாக மாறியது, வீடு கட்டிப் பழக்கமே இல்லாத வருவாய்த் துறை. நிலவரி, பட்டா, சாதிச் சான்று, வெள்ள நிவாரணம் என்று இருந்த வட்டாட்சியர் அலுவலகங்கள் சில வாரங்களில் மனை தேடவும் பயனாளிப் பட்டியல் எழுதவும் கட்டுமானத்தை மேற்பார்க்கவும் இறங்கின. 2005 ஜனவரி 13ஆம் தேதி அரசாணை எண் 25 வந்தது. தனியார் நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் முன்வந்தால் ஊர்களைத் தத்தெடுத்து வீடு கட்டித் தரலாம்; நிலம் அரசு தரும்; மாவட்ட ஆட்சியரோடு ஒப்பந்தம் போட வேண்டும். பேரிடர் வந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் வந்த ஆணை என்பதை நினைத்தால் அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

குமரி மாவட்டத்தில் இந்தக் கதவு திறந்தவுடன் முதலில் உள்ளே வந்தது திருச்சபை. ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்தக் கடலோரத்தில் பங்குத்தந்தையும் ஊர்க் கமிட்டியும் சேர்ந்து எடுக்காத முடிவு குறைவு. கோட்டாறு மறைமாவட்டத்தின் கோட்டாறு சமூக சேவை சங்கம் 1960களிலிருந்தே மீனவர்களிடையே வேலை செய்துவருகிறது. பியர் ஜில்லே என்ற பெல்ஜியக்காரர் முட்டத்தில் நடத்திய படகு கட்டும் தளத்தில்தான் பிளைவுட் வள்ளங்கள் உருவாகி இந்தக் கரையெங்கும் பரவின. அரசு வராத இடத்தில் கோயில் வந்து நிற்பது இங்கே பழைய வழக்கம். சுனாமிக்குப் பின் வெளிநாட்டுக் கத்தோலிக்க அமைப்புகளின் பணம் இந்த வழியாகவே வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் மக்கள் தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தார்கள். கடலோர மாவட்டங்களில் வரிசை வரிசையாகப் போட்ட அந்தக் கொட்டகைகள் பலவற்றில் சுவரும் கூரையும் தார் பூசிய ஷீட். சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. இரவில் பக்கத்து அறையில் இருமினால் இங்கே கேட்கும். புதுமணத் தம்பதி, வயதுக்கு வந்த பிள்ளை, படுத்த படுக்கையான பாட்டி எல்லாரும் ஒரே அறையில். சில மாதத்துக்கு என்று போட்டவை அவை. பல இடங்களில் வருஷக் கணக்கில் நீண்டன.

அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 27. மறுநாள் திங்கட்கிழமை இரவு ஒன்பதரை மணியைத் தாண்டியதும் சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவில் மறுபடி ஒரு பெரிய நிலநடுக்கம், 8.6 அளவு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்த அலையை யாரும் மறக்கவில்லை. இப்போது ஈஸ்டருக்கு மறுநாள். எச்சரிக்கை வந்ததும் கடற்கரைக் கிராமங்கள் இரவோடு இரவாகக் காலியாகி மேட்டை நோக்கி ஓடின. அலை வரவில்லை. ஆனால் ‘கடலுக்குப் பக்கத்தில் இனி இருக்கலாமா’ என்ற பயம் புதுப்பிக்கப்பட்டது. சரியாக இரண்டு நாள் கழித்து, மார்ச் 30ஆம் தேதி, அரசாணை எண் 172 வெளியானது. சுனாமி வீடுகளுக்கெல்லாம் அடிப்படை அதுதான்.

ஆணையின் சாரம் இது. ஒரு வீட்டின் மதிப்பு 1.5 லட்சம் ரூபாய். பரப்பு 300 முதல் 325 சதுர அடி. மனை கிராமத்தில் மூன்று சென்ட், நகரத்தில் ஒண்ணரை சென்ட். வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். பத்து வருஷத்துக்குக் காப்பீடு. நிலநடுக்கம், புயல் தாங்கும்படி கட்ட வேண்டும். அதாவது அஸ்திவார மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் சுவரைச் சுற்றிக் கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும். அன்றைய கிராமத்து இலவச வீடுகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். குறிப்பாகப் பெண் பெயரும் பத்திரத்தில் ஏறியது. தகப்பன் பெயரில் இருந்த குடிசை அண்ணனுக்குப் போய், கைம்பெண்ணான மருமகள் வெளியே நிற்கும் ஊர்களில் அதன் அருமை தெரியும்.

சிக்கல் தூரத்தில் இருந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் அதைத் தாண்டி வெளியே போகச் சம்மதித்தால் புது வீடு இலவசம். பழைய மனையை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போக விருப்பமில்லை என்றால் அங்கேயே இருந்துகொள்ளலாம், பழுதும் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அரசு ஒரு பைசாவும் தராது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றி 1991இல் மத்திய அரசு போட்ட அறிவிக்கைதான் இந்த 200 மீட்டருக்கு அடிப்படை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று அரசு சொல்லலாம். கையில் ஒன்றுமில்லாதவனிடம் ‘வந்தால் வீடு, வராவிட்டால் ஒன்றுமில்லை’ என்று சொல்வதை விருப்பம் என்று அழைப்பது கொஞ்சம் தாராளமான வழக்கு. மீனவரை நகர்த்திவிட்டுக் கரையை விடுதிக்காரர்களுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று மீனவர் அமைப்புகள் சந்தேகப்பட்டன. ஒப்படைத்த நிலம் பொதுக் காரியத்துக்கே என்று ஆணை சொன்னாலும் அந்தச் சந்தேகம் அடங்கவில்லை.

இருநூறு மீட்டர் ஒன்றும் தூரமில்லையே, பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற தூரம்தானே என்று உள்நாட்டில் இருப்பவருக்குத் தோன்றும். ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவரின் காலையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். வெளிப்பொருத்து எஞ்சினை இரவில் படகோடு விட்டுவைக்க முடியாது. திருட்டு பயம் ஒன்று, உப்புக் காற்று ஒன்று. முப்பது, நாற்பது கிலோ எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மண்ணெண்ணெய் கேன் இன்னொரு கையில். வலை மாற்ற வேண்டும் என்றால் அது தனிச் சுமை. விடிகாலை இரண்டு மணிக்குத் திண்ணையில் நின்று கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பார்த்துத்தான் இன்றைக்குத் தொழில் உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். அலை திடீரென்று ஏறினால் கரையில் கிடக்கும் வள்ளத்தை மேலே இழுக்க ஐந்து நிமிஷத்தில் பத்துப் பேர் ஓடி வர வேண்டும். வீட்டுப் பெண் ஏலத்தில் மீன் எடுத்துக் கடவத்தில் அடுக்கி முதல் பஸ் பிடிப்பாள். இவையெல்லாம் வீட்டின் பகுதிதான். 325 சதுர அடிக்குள் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை என்று வரைந்த பிளானில் எஞ்சினுக்கும் வலைக்கும் இடமில்லை.

அரசு கேட்ட மூன்று சென்ட் கிடைத்ததா என்றால், குமரியில் அதுவே பெரிய பாடு. நாகப்பட்டினம் போலப் பரந்த வயல்வெளி இங்கே கடலுக்குப் பின்னால் இல்லை. தோப்பும் வீடும் நெருங்கிய நிலம். ஆட்சியரகம் பேரம் பேசித் தனியாரிடம் வாங்க வேண்டியிருந்தது. சில இடங்களில் தொண்டு நிறுவனங்களே காசு கொடுத்து நிலம் வாங்கின. அரசு வாங்குகிறது என்று தெரிந்ததும் விலை ஏறியது. மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேலான வீடுகள் கட்டத் தொடங்கியதால் செங்கல், மணல், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் உயர்ந்தன. 1.5 லட்சத்தில் போட்ட கணக்கு உதைத்தது. போதாததற்கு இந்த மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் ஒரு மழைக்காலம், ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. வானம் தோண்டிப் போட்டால் தண்ணீர் நிற்கும். உலக வங்கி 2005 மே மாதம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து 46.5 கோடி டாலர் அவசரக் கடன் ஒப்புக்கொண்டது. பணம் வந்ததற்காக நிலம் முளைத்துவிடுமா?

வேறொரு பிசகும் நடந்தது. வீடு கட்டுவது தொண்டு நிறுவனம். சாலை, குடிநீர், தெருவிளக்கு போடுவது அரசு. இரண்டும் சேர்ந்து ஓட வேண்டிய மாட்டு வண்டியில் ஒரு மாடு முன்னால் போய்விட்டது. வெள்ளையடித்துப் பெயர்ப்பலகை வைத்துச் சாவி கொடுத்துவிட்டுத் தொண்டு நிறுவனம் கிளம்பிய பிறகும் பல இடங்களில் குடத்தோடு பழைய ஊருக்கே தண்ணீருக்குப் போனார்கள். நெருக்கமான மனையில் தோண்டிய கழிப்பறைக் குழிகள், நிலத்தடி நீர் மட்டம் மேலே இருந்த இடங்களில் மழைக்காலம் வந்ததும் நிரம்பி வழிந்தன.

இத்தனைக்கும் நடுவில் வீடுகள் எழுந்தன என்பதை மறைக்கக் கூடாது. ஓலைக் குடிலிலும் ஓட்டு வீட்டிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகக் கான்கிரீட் கூரையும் சொந்தக் கழிப்பறையும் கிடைத்தன. குமரிக் கரையில் இன்று ‘சுனாமி காலனி’ என்றால் ஆட்டோக்காரர் மறு கேள்வி கேட்காமல் கொண்டுபோய் விடுவார்.

இதே கேள்வியை அக்கரையில் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்பது பயன் தரும். இலங்கை அரசு தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், தமிழர் அதிகம் வாழும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று தடை வலயம் அறிவித்தது. ஒரே அலைக்கு இரண்டு அளவுகோல் ஏன் என்று கேள்வி எழுந்தது. சில மாதங்களில் நிலம் கிடைக்காமல் திணறிய பிறகு அந்தத் தூரத்தைத் தளர்த்தினார்கள்.

சிங்கப்பூர்க் கதை வேறு விதம். அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தொடங்கியது. அது பிறந்து பதினாறு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் தீப்பிடித்து ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். இறந்தவர்கள் நான்கு பேர். எரிந்த நிலத்தையே அரசு கையகப்படுத்தி, அதே இடத்தில் அடுக்குமாடிகளைக் கட்டியது. முதல் கட்டடங்கள் ஒரு வருஷத்துக்குள் எழுந்துவிட்டன. அந்த அரசின் கெடுபிடிகளைப் பற்றி ஆயிரம் விமரிசனம் உண்டு. ஆனால் இரண்டு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடிழந்தவர்களைத் தொழிலிலிருந்து தூரத்தில் கொண்டுபோய் வைக்கவில்லை. கட்டிய கழகம் கட்டிவிட்டுப் போகவும் இல்லை. அறுபது வருஷத்துக்குப் பிறகும் அது இருக்கிறது. அந்தந்த வட்டாரத்து நகர மன்றங்கள் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு லிஃப்டையும் குழாயையும் பெயிண்டையும் பார்த்துக்கொள்கின்றன.

குமரியின் சுனாமி வீடுகளுக்கு இல்லாதது இந்த இரண்டாவதுதான். 2005இல் வீட்டு வாரியமாக மாறிய வருவாய்த் துறை, சாவி கொடுத்த மறுநாள் பழையபடி வருவாய்த் துறையாகிவிட்டது. ஒப்பந்தம் போட்ட நிறுவனங்கள் அடுத்த பேரிடருக்குப் போய்விட்டன. பத்து வருஷக் காப்பீட்டின் காலமும் முடிந்தது.

கடலோரக் கான்கிரீட் வீட்டுக்கு உண்மையான சோதனை தொடங்குவதே அதற்குப் பிறகு. காற்றோடு வரும் உப்பு, கான்கிரீட்டின் நுண்துளை வழியே மெல்ல உள்ளே இறங்கும். கம்பியைத் தொட்டதும் துரு. துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். அதனால் கம்பி உள்ளே ஊதிக் கான்கிரீட்டை வெளியே தள்ளும். முதலில் கூரையின் அடியில் முடி போல ஒரு விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒரு நாள் ராத்திரி பெயர்ந்து கட்டிலில் விழும் ஒரு பாளம். இதைத் தடுக்கத்தான் கம்பிக்குக் கீழே போதிய கனத்துக்குக் கான்கிரீட் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கடலோரத்துக்குத் தனியாக விதி சொல்கிறது. கொத்தனார்கள் இதைக் ‘கவர்’ என்பார்கள். அதற்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னச் சிமென்ட் கட்டை ‘கவர் பிளாக்’. அவசரத்தில் கான்கிரீட் போடும்போது முதலில் விட்டுப்போவதும் அந்தக் கட்டைதான். கூரை பெயர்ந்த பிறகு மேலே சிமென்ட் பூசுவதால் பயனில்லை. துருப்பிடித்த பகுதியை உடைத்துக் கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி வார்க்க வேண்டும். ஒரு மீனவக் குடும்பத்துக்கு அது ஒரு சீசன் வருமானம்.

வாரியம் ஒன்று நிலையாக இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா என்றால், அதற்கும் சென்னையைப் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் குடிசை மாற்று வாரியம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில், கையால் தொட்டாலே பூச்சு உதிர்வதைக் குடியிருந்தவர்கள் படம் பிடித்துக் காட்டினார்கள். ஐ.ஐ.டி.யை வைத்து அரசு ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுதான் வாரியத்தின் பெயர் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாறியது. டிசம்பர் 27ஆம் தேதி, சுனாமி வந்து பதினேழு வருஷமும் ஒரு நாளும் ஆன நிலையில், திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993இல் கட்டிய 24 வீடுகள் கொண்ட கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு எல்லாரும் முன்கூட்டியே வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

வாரியத்துக்கு அது மோசமான வருஷம். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். புளியந்தோப்பிலும் திருவொற்றியூரிலும் யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது. அமைச்சர் வந்தார், பொறியாளர்கள் வந்தார்கள், நிவாரணம் அறிவித்தார்கள், பழைய கட்டடங்களை ஆய்வு செய்து மறுகட்டுமானப் பட்டியல் போட்டார்கள். குடியிருப்போர் சங்கங்கள் வசூலிக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கு ஈடாக அரசும் பங்கு போடும் ‘நம் குடியிருப்பு, நம் பொறுப்பு’ என்ற திட்டமும் வந்தது. திட்டத்தில் ஓட்டை இருக்கலாம். திட்டுவதற்காவது ஒரு முகவரி இருக்கிறது. சுனாமி காலனிக்காரர் பட்டாவில் பெயர்த் திருத்தம் என்றால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், தண்ணீர் என்றால் ஊராட்சிக்கும், சாக்கடை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் போவார். கூரை பெயர்ந்தால் போக ஓர் அலுவலகம் கிடையாது. திங்கட்கிழமை தோறும் நாகர்கோவில் ஆட்சியரகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மனு எந்தத் துறைக்குப் போகும் என்பது அங்கே இருக்கும் எழுத்தரின் யோசனையைப் பொறுத்தது.

தூரக் கணக்கிலும் ஒரு வேடிக்கை நடந்துவிட்டது. 2019 ஜனவரியில் வந்த புதிய கடற்கரை மண்டல அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறக் கடலோரங்களில் கட்டடத் தடையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மாநிலத்தின் கடற்கரை மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்றால்தான் அது நடைமுறைக்கு வரும். ஆனால் நெருக்கமான குமரிக் கடற்கரை ஊர்களை மனத்தில் வைத்து எழுதியது போலவே இருக்கும் விதி அது. 2005இல் 200 மீட்டரைக் காட்டி மனையை ஒப்படைக்கச் சொன்ன குடும்பத்துக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்தால் சிரமம்தான். இடைப்பட்ட காலத்தில் கடலும் சும்மா இருக்கவில்லை. தூண்டில் வளைவு போட்ட ஊரில் மணல் சேர, பக்கத்து ஊரில் அரிப்பு கூடியது. 2017இல் ஒக்கிப் புயல் வந்தது. காற்றோ மழையோ இல்லாத நாளில் திடுமென ஏறி வரும் கள்ளக்கடல் ஆண்டுக்கு ஆண்டு வீட்டு வாசலைத் தொடுகிறது.

பக்கத்துக் கேரளம் இதற்கென்றே ‘புனர்கேஹம்’ என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் 18,685 குடும்பங்களைக் கணக்கெடுத்து, விரும்பி வெளியேறுகிறவர்களுக்குக் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய்: நிலத்துக்கு 6 லட்சம், வீட்டுக்கு 4 லட்சம். நிலத்தை அரசு தேடித் தருவதில்லை. குடும்பமே தனக்குத் தோதான இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். திருவனந்தபுரம் முட்டத்தறையில் 2018இல் 192 குடும்பங்களுக்கு அடுக்குமாடியும் கட்டிக் கொடுத்தார்கள். ஆறு லட்சத்துக்குக் கடலோரத்தில் மூன்று சென்ட் எங்கே கிடைக்கிறது என்று அங்கேயும் முணுமுணுப்பு உண்டு. ஆனாலும் வீட்டை விட நிலத்துக்குக் கூடுதல் தொகை ஒதுக்கிய ஒரு காரணத்துக்காகவே அது கவனிக்க வேண்டிய திட்டம். சிக்கல் எங்கே இருக்கிறது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் திட்டங்களின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் சூரிய விளக்கோடு 300 சதுர அடிப் பசுமை வீடு, 2024இல் கலைஞரின் கனவு இல்லம். கடைசித் திட்டத்தில் 360 சதுர அடி, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 2030க்குள் எட்டு லட்சம் குடிசைகளை மாற்றுவது இலக்கு. சதுர அடியும் தொகையும் கூடியிருக்கின்றன. நிலம் மட்டும் விண்ணப்பிப்பவர் கொண்டுவர வேண்டியது. கடற்புறத்துப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்து, ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் மின் இணைப்பும் வைத்திருப்பவரிடம் இல்லாத ஒரே காகிதம் அந்தப் பட்டாதான். அதைக் கேட்டு அவர் ஏறி இறங்கும் படிக்கட்டு, தக்கலையில் கல்குளம் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. அது இன்றைக்கும் வருவாய்த் துறையின் கையில்தான்.